பாரிஸ்டர் காந்தி: வழக்காடிகளைச் சேர்த்துவைத்த வக்கீல்

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது கொல்லிமலை. காரவள்ளியில் ஏறத் தொடங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் மேலே போகவேண்டும். அங்கே மிளகும் காப்பியும் விளைகின்றன. பலாவும் அன்னாசியும் வாழையும் பழுக்கின்றன. மரவள்ளிக் கிழங்கு லாரியில் ஏறிக் கீழே உள்ள ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. சோளக்காட்டுச் சந்தையில் மலை மக்களும் கீழ்நாட்டு வியாபாரிகளும் கலந்து நிற்பார்கள்.

சந்தை என்றால் பேரம் உண்டு. முன்பணம் உண்டு. வாய்ப்பேச்சு உண்டு. சில சமயம் தகராறும் உண்டு.

ஒரு குடியானவர் அடுத்த அறுப்பு மிளகைத் தருவதாகச் சொல்லி ஒரு வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அறுப்பு வருவதற்குள் விலை ஏறிவிடுகிறது. மிளகு வேறு ஒருவர் மூட்டைக்குப் போய்விடுகிறது. அல்லது, ஓர் ஆண்டு வேலை செய்வதாக ஒப்புக்கொண்ட தொழிலாளி பாதியில் நின்றுவிடுகிறார். முதலாளி சம்பளப் பாக்கியைத் தர மறுக்கிறார். இரு பக்கமும் கோபம். அடுத்து என்ன செய்வது? கைகலப்பதா? போலீசாரிடம் ஓடுவதா? கோர்ட்டுக்குப் போவதா? உட்கார்ந்து பேசுவதா?

இந்தக் கேள்விகளுக்குத் தம் தொழிலாலேயே விடை சொன்ன வக்கீல் ஒருவர் இருந்தார். உலகம் அவரை மகாத்மா என்று அறியும். சத்தியாக்கிரகம் செய்தவர், சிறை சென்றவர், சுதந்திரம் பெற்றுத் தந்தவர் என்று சிறு பிள்ளையும் சொல்லும். ஆனால் அவர் சுமார் 20 ஆண்டுகள் வக்கீல் தொழில் செய்தவர். கணக்குப் புத்தகமும் கடன் பத்திரமும் கையுமாக அலைந்தவர். அந்தக் காந்தியின் கதை இது.

வாய் திறக்காத வக்கீல்

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869 அக்டோபர் 2-ந் தேதி குஜராத்தில் உள்ள போர்பந்தரில் பிறந்தார். தந்தை சமஸ்தானத் திவானாக இருந்தவர். மகனைப் பாரிஸ்டர் ஆக்கினால் குடும்பம் தலையெடுக்கும் என்று வீட்டார் நினைத்தார்கள். 1888-ல் அவர் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். 1891 ஜூன் மாதம் பாரிஸ்டர் பட்டத்துடன் ஊருக்குக் கப்பல் ஏறினார்.

பட்டம் வந்துவிட்டது, தொழில் வரவில்லை. பம்பாயில் ஸ்மால் காஸ் கோர்ட்டில் அவருக்கு ஒரு சின்ன வழக்கு கிடைத்தது. பீஸ் 30 ரூபாய். பிரதிவாதிக்காகக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது. கோர்ட்டே சுற்றுவது போல் இருந்தது. ஒரு கேள்வியும் வாயில் வரவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார். வேறு வக்கீலை அமர்த்திக்கொள்ளும்படி கட்சிக்காரரின் ஏஜெண்டிடம் சொல்லிவிட்டு வெளியேறினார். அந்த வழக்கு ஜெயித்ததா, தோற்றதா என்றுகூட அவருக்குத் தெரியாது.

வெட்கத்தோடு ராஜ்கோட்டுக்குத் திரும்பினார். அங்கே மனு எழுதிக் கொடுத்து மாதம் 300 ரூபாய் வரை சம்பாதித்தார். வயிறு நிறைந்தது, மனம் நிறையவில்லை. அப்போதுதான் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது.

105 பவுன் ஒப்பந்தம்

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் டர்பன் என்ற துறைமுகப் பட்டணம் இருக்கிறது. அங்கே தாதா அப்துல்லா கம்பெனி என்ற பெரிய வியாபாரக் கம்பெனி இருந்தது. அதன் சொந்தக்காரர்கள் போர்பந்தர்க்காரர்கள். அவர்கள் பிரிட்டோரியா நகரில் பெரிய வழக்கு ஒன்றை நடத்திவந்தார்கள். கணக்குகள் எல்லாம் குஜராத்தி மொழியில் இருந்தன. வெள்ளைக்கார வக்கீல்களுக்கு அவற்றை விளக்கிச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது.

ஓர் ஆண்டு வேலை. போகவரக் கப்பலில் முதல் வகுப்புக் கட்டணம். தங்கும் செலவு கம்பெனியைச் சேர்ந்தது. சம்பளம் 105 பவுன். இதுதான் ஒப்பந்தம். பாரிஸ்டருக்குரிய மரியாதையான வேலை அல்ல இது. கம்பெனிச் சிப்பந்தி வேலைதான் என்பது காந்திக்குத் தெரிந்தே இருந்தது. ஆயினும் ஒப்புக்கொண்டார். மனைவி கஸ்தூரிபாயையும் இரண்டு குழந்தைகளையும் ஊரில் விட்டுவிட்டு 1893 ஏப்ரலில் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு வயது 23.

டர்பனில் சில நாள் தங்கிய பின் பிரிட்டோரியாவுக்கு ரயில் ஏறினார். கையில் முதல் வகுப்பு டிக்கெட் இருந்தது. மாரிட்ஸ்பர்க் நிலையத்தில், கறுப்பு மனிதர் முதல் வகுப்பில் போகக்கூடாது என்று சொல்லி அவரைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். குளிர்கால இரவு. காத்திருக்கும் அறையில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இந்த நிகழ்ச்சியை எல்லோரும் அறிவார்கள். அந்த இரவில் அவர் எதை எண்ணிப் பார்த்தார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் ஒப்புக்கொண்ட வேலை முடியவில்லையே என்ற நினைவு தடுத்தது. வேலையை முடிக்காமல் ஓடுவது கோழைத்தனம் என்று தீர்மானித்தார். அடுத்த ரயிலில் பிரிட்டோரியாவை நோக்கிப் புறப்பட்டார்.

கொடுத்த வாக்கு ஒரு மனிதரை அந்நிய மண்ணில் நிறுத்திவைத்தது. அதன் பிறகு நடந்தது உலகம் அறிந்த வரலாறு.

40,000 பவுன் வழக்கு

இனி அந்த வழக்கைப் பார்ப்போம். வாதி தாதா அப்துல்லா சேட். பிரதிவாதி தயப் ஹாஜி கான் முகமது சேட். இருவரும் உறவினர்கள். இருவரும் ஒரே ஊர்க்காரர்கள். வியாபாரக் கொடுக்கல் வாங்கலில் தகராறு வந்துவிட்டது. தாதா அப்துல்லா கேட்ட தொகை 40,000 பவுன். காந்தியின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் அதன் பெருமை விளங்கும். அது அவருடைய 380 ஆண்டுச் சம்பளம்!

அந்தத் தொகையில் ஒரு பகுதி பிராமிசரி நோட்டின் பேரில் வரவேண்டியது. பிராமிசரி நோட்டு என்பது, இன்ன தொகையைத் தருகிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் கடன் பத்திரம். மற்றொரு பகுதி, நோட்டு எழுதித் தருவதாகச் சொல்லி எழுதித் தராததால் வந்தது. வாக்குக் கொடுத்தபடி செய்யும்படி கோர்ட்டு உத்தரவிட வேண்டும் என்பது வாதியின் கோரிக்கை. நோட்டுகளை ஏமாற்றி வாங்கிவிட்டார்கள், அவற்றுக்கு ஈடாக எதுவும் தரப்படவில்லை என்பது பிரதிவாதியின் பதில்.

காந்திக்குப் பிராமிசரி நோட்டு என்றால் என்ன என்றே முதலில் தெரியாது! வரவு செலவுக் கணக்கு எழுதவும் தெரியாது. கம்பெனிக் குமாஸ்தாக்கள் பேசியது அவருக்கு விளங்கவில்லை. அதற்காக அவர் வெட்கப்படவில்லை. கணக்கு எழுதும் முறை பற்றிய புத்தகம் ஒன்றை வாங்கிப் படித்தார். பிறகு வழக்குக் கட்டு முழுவதையும் கரைத்துக் குடித்தார். குஜராத்திக் கடிதங்களை மொழிபெயர்த்தார். எந்தக் கணக்கு எந்த நோட்டுக்குப் போகிறது என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

இதில் அவர் ஒரு பாடம் கற்றார். நடந்தது என்ன என்பதைச் சரியாகக் கண்டுபிடித்தால் வழக்கில் முக்கால் பங்கு முடிந்துவிடும். சட்டம் தானாக அதன் பின்னால் வரும். இந்தப் பாடத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

ஆராய்ந்து பார்த்ததில் தாதா அப்துல்லாவின் பக்கம் பலமாக இருப்பது தெரிந்தது. சட்டமும் அவர் பக்கமே இருந்தது. ஆனால் காந்திக்கு மகிழ்ச்சி வரவில்லை. வேறொன்றும் அவர் கண்ணில் பட்டது. வழக்கு நீண்டுகொண்டே போனால் இரண்டு குடும்பங்களும் அழிந்துவிடும்!

இரண்டு பக்கமும் பெரிய பெரிய வக்கீல்கள். பீஸ் ஏறிக்கொண்டே போயிற்று. முதலாளிகள் இருவருக்கும் வியாபாரத்தைக் கவனிக்க நேரமில்லை. எப்போதும் வழக்குப் பேச்சுதான். பகை நாளுக்கு நாள் முற்றியது. ஜெயித்தவருக்குத் தோற்றவர் செலவுத் தொகை கொடுக்கவேண்டும் என்று கோர்ட்டு சொல்லும். ஆனால் கோர்ட்டு அனுமதிக்கும் செலவு ஒரு அளவு. வக்கீலுக்கு உண்மையில் கொடுக்கும் பணம் வேறு அளவு. ஆகவே ஜெயித்தவருக்கும் நஷ்டம்தான்.

காந்தி இருவரையும் பார்த்துப் பேசினார். உறவினர்கள் இப்படி அடித்துக்கொள்ள வேண்டாம், இருவரும் நம்பும் ஒருவரிடம் வழக்கை ஒப்படைத்து அவர் தீர்ப்புக்குக் கட்டுப்படலாம் என்று மன்றாடினார். முடிவில் இருவரும் சம்மதித்தார்கள். மத்தியஸ்தர் ஒருவர் நியமிக்கப்பட்டார். அவர் முன் வாதம் நடந்தது. தாதா அப்துல்லாவுக்கு வெற்றி கிடைத்தது.

வெற்றிக்குப் பின் வந்த சோதனை

இத்தோடு கதை முடிந்திருந்தால் இதைச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. உண்மையான சோதனை இனிமேல்தான் வந்தது.

தயப் சேட் 37,000 பவுனும் வழக்குச் செலவும் கொடுக்கவேண்டும் என்று முடிவாயிற்று. அவரால் அவ்வளவு பணத்தை ஒரே தடவையில் புரட்ட முடியாது. உடனே கட்டு என்று வற்புறுத்தினால் திவால் ஆகவேண்டியதுதான். போர்பந்தரிலிருந்து வந்த அந்த வியாபாரிகளுக்குத் திவால் என்பது சாவைவிடக் கொடியது. தயப் சேட் ஒரு காசுகூடக் குறைத்துக் கொடுக்க நினைக்கவில்லை. முழுவதையும் கொடுக்கவே விரும்பினார். அவகாசம்தான் வேண்டியிருந்தது.

காந்தி மறுபடியும் தம் கட்சிக்காரரிடம் போனார். நீண்ட காலத் தவணையில் பணத்தைப் பெற்றுக்கொள்ளும்படி கேட்டார். கையில் தீர்ப்பு வைத்திருப்பவர் விட்டுக்கொடுப்பது எளிதா? மத்தியஸ்தத்துக்குச் சம்மதிக்க வைத்ததைவிடத் தவணைக்குச் சம்மதிக்க வைப்பதே காந்திக்குக் கடினமாக இருந்தது. ஆனாலும் தாதா அப்துல்லா பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். கடன் கொடுத்தவர் பணமும் தப்பியது. கடன்பட்டவர் மானமும் தப்பியது. ஊரில் இருவர் மதிப்பும் உயர்ந்தது.

அன்று காந்தி அடைந்த ஆனந்தத்துக்கு அளவே இல்லை. பிரிந்தவர்களைச் சேர்த்துவைப்பதே வக்கீலின் வேலை என்று உணர்ந்தார். பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான வழக்குகளை ராஜி செய்துவைத்தார். அதனால் தமக்குப் பணத்திலும் நஷ்டமில்லை, ஆத்மாவுக்கும் நஷ்டமில்லை என்று அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

ரத்தம் வழிய வந்த தமிழர்

வழக்கு முடிந்ததும் காந்தி ஊர் திரும்பியிருக்கவேண்டும். ஆனால் நேட்டால் இந்தியர்களின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதா வந்தது. அதை எதிர்க்க அவரை அங்கேயே இருக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். பொது வேலைக்குச் சம்பளம் வாங்க அவர் மறுத்தார். வியாபாரிகள் சுமார் 20 பேர் தங்கள் சட்ட வேலைகளை ஓர் ஆண்டுக்கு அவரிடம் ஒப்படைத்தார்கள். 1894-ல் நேட்டால் சுப்ரீம் கோர்ட்டில் அவர் அட்வகேட்டாகப் பதிவானார்.

தொழில் தொடங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருக்கும். ஒரு நாள் ஒருவர் அவர் முன் வந்து நின்றார். கந்தல் உடை. முன் பற்கள் இரண்டு உடைந்திருந்தன. வாயிலிருந்து ரத்தம் வழிந்தது. தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் ஒரு தமிழர். பெயர் பாலசுந்தரம். காந்தியின் குமாஸ்தாவும் தமிழர். அவர் மூலம் காந்தி விஷயத்தைத் தெரிந்துகொண்டார். பாலசுந்தரத்தை அவருடைய வெள்ளைக்கார முதலாளி அடித்து நொறுக்கியிருந்தார்.

பாலசுந்தரம் ஓர் ஒப்பந்தக் கூலி. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து முதல் கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்தது. அன்று முதல் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானவர்கள் கரும்புத் தோட்டங்களுக்கும் மற்ற வேலைகளுக்கும் இப்படிப் போனார்கள். தமிழர்களும் தெலுங்கர்களும் அவர்களில் ஏராளம். ஐந்து ஆண்டு ஒப்பந்தம். முதல் ஆண்டில் மாதச் சம்பளம் 10 ஷில்லிங், அதாவது அரைப் பவுன்.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு கொடுமை இருந்தது. சாதாரண வேலைக்காரர் ஒருவர் சொல்லாமல் வேலையை விட்டுவிட்டால் முதலாளி அவர் மேல் சிவில் கோர்ட்டில் வழக்குத்தான் போடலாம். நஷ்ட ஈடு கேட்கலாம். ஆனால் ஒப்பந்தக் கூலி வேலையை விட்டால் அது கிரிமினல் குற்றம்! பிடித்துச் சிறையில் போடலாம். ஆகவே முதலாளி எவ்வளவு அடித்தாலும் கூலியால் விலக முடியாது. வேலைக்கு ஆள் வைப்பதற்குப் பதில் அடிமை வைப்பது போல ஆயிற்று.

காந்தி முதலில் பாலசுந்தரத்தை டாக்டரிடம் அனுப்பினார். காயங்களுக்குச் சான்று வாங்கினார். நேரே மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப் போனார். பார்த்த மாஜிஸ்திரேட்டு கொதித்துப்போய் முதலாளிக்குச் சம்மன் அனுப்பினார்.

முதலாளிக்குத் தண்டனை வாங்கித் தருவது காந்தியின் நோக்கம் அல்ல. அதனால் பாலசுந்தரத்துக்கு என்ன பயன்? தண்டனை பெற்ற முதலாளியிடமே அவர் திரும்பவும் வேலை செய்யவேண்டும்! அந்த ஒப்பந்தத்திலிருந்து அவரை விடுவிப்பதே காந்தியின் எண்ணம். சட்டத்தைப் புரட்டினார். இரண்டு வழிகள் தெரிந்தன. கூலிகளின் பாதுகாப்பு அதிகாரி ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம், அல்லது வேறொருவருக்கு மாற்றலாம். இல்லாவிட்டால் முதலாளியே விட்டுவிடச் சம்மதிக்கலாம்.

காந்தி முதலாளியைப் போய்ப் பார்த்தார். ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றச் சம்மதித்தால் போதும் என்றார். முதலாளி ஒப்புக்கொண்டார். பாதுகாப்பு அதிகாரியும் ஒப்புக்கொண்டார். ஆனால் புதிய முதலாளியைக் காந்திதான் தேடவேண்டும் என்றார். இந்தியர்கள் ஒப்பந்தக் கூலி வைத்துக்கொள்ள அங்கே உரிமை இல்லை. ஆகவே தமக்குத் தெரிந்த நல்ல ஐரோப்பியர் ஒருவரைக் காந்தி தேடிப்பிடித்தார். மாஜிஸ்திரேட்டு பழைய முதலாளியைக் குற்றவாளி என்று தீர்மானித்தார். ஒப்பந்தத்தை மாற்றித்தர அவர் சம்மதித்ததையும் பதிவு செய்தார். பாலசுந்தரம் தப்பினார்.

அந்தக் காலத்தில் ஒப்பந்தக் கூலிகள் வெள்ளைக்காரர் முன்னால் தலைப்பாகையைக் கழற்ற வேண்டும். காந்தி முன்னாலும் பாலசுந்தரம் அப்படியே வந்து நின்றார். தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளும்படி காந்தி சொன்னார். பாலசுந்தரம் தயங்கித் தயங்கிக் கட்டிக்கொண்டார். அப்போது அவர் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியைக் காந்தி கடைசிவரை மறக்கவில்லை.

இந்தச் செய்தி கூலி லயன்களில் எல்லாம் பரவியது. கடல் கடந்து சென்னைக்கும் எட்டியது. ஏழைத் தமிழர்கள் தங்களுக்கு ஒரு வக்கீல் கிடைத்துவிட்டார் என்று நம்பத் தொடங்கினார்கள். அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்கிய கூலிகள் ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி கட்டவேண்டும் என்று 1895-ல் சட்டம் வந்தது. முதல் ஆண்டுச் சம்பளக் கணக்கில் அது ஆறு மாதக் கூலி. 1913-ல் காந்தி நடத்திய பெரும் போராட்டத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தமிழ்ப் பெண்களும் சிறை சென்றார்கள். 1914-ல் அந்த வரி ஒழிந்தது.

சொந்தக் கட்சிக்குப் பாதகமான உண்மை

வக்கீல் என்றால் பொய் சொல்லவேண்டும் என்பார்கள். காந்தி அப்படி நினைக்கவில்லை. பொய் வழக்கை நடத்தமாட்டேன் என்று கட்சிக்காரர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவார்.

தென்னாப்பிரிக்காவில் அவர் நடத்திய ஒரு வழக்கு முழுவதும் கணக்கு வழக்கு. கோர்ட்டு அதைக் கணக்கர்களான மத்தியஸ்தர்களிடம் அனுப்பியது. அவர்கள் காந்தியின் கட்சிக்காரருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். ஆனால் கணக்கில் ஒரு தவறு. பற்றில் எழுதவேண்டிய தொகையை வரவில் எழுதிவிட்டார்கள். எதிர்க்கட்சியாரோ வேறு காரணங்களைச் சொல்லித் தீர்ப்பை எதிர்த்தார்கள்.

காந்திக்குத் தவறு தெரிந்துவிட்டது. தவறை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அவர் சொன்னார். அவருக்கு மேலே இருந்த பெரிய வக்கீல், தவறை நாமே சொல்லவேண்டிய கடமை இல்லை, சொன்னால் தீர்ப்பு முழுவதும் ரத்தாகிவிடும் என்று பயமுறுத்தினார். கட்சிக்காரர் காந்தி பக்கம் நின்றார். பெரிய வக்கீல் வாதாட மறுத்துவிட்டார். காந்தியே நடுங்கிக்கொண்டு எழுந்தார்.

தவறைப் பற்றிச் சொன்னதும் நீதிபதி ஒருவர் இது தந்திரமோ என்று சந்தேகித்தார். காந்தி பொறுமையாக விளக்கினார். நீதிபதிகளுக்கு அவருடைய நேர்மை புரிந்தது. எதிர்க்கட்சியார் எவ்வளவோ வாதாடியும் தீர்ப்பை ரத்து செய்ய மறுத்தார்கள். தவறை மட்டும் திருத்தினார்கள். மற்றபடி தீர்ப்பு நிலைத்தது.

ஆலையும் மத்தியஸ்தமும்

1915-ல் காந்தி தாயகம் திரும்பினார். வக்கீல் தொழிலை அதற்கு முன்பே விட்டுவிட்டார். ஆனால் தொழிலில் கற்ற பாடத்தை விடவில்லை.

1918-ல் ஆமதாபாத் ஆலைத் தொழிலாளர்களுக்கும் முதலாளிகளுக்கும் சம்பளத் தகராறு வந்தது. தொழிலாளர்கள் நூற்றுக்கு 35 கூட வேண்டும் என்றார்கள். முதலாளிகள் 20-க்கு மேல் தர முடியாது என்றார்கள். முதலாளிகளின் தலைவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர்கள் பக்கம் நின்றவர் அவருடைய சகோதரி அனசூயா பென்! காந்தி தொழிலாளர்களை வன்முறை இல்லாமல் போராடச் சொன்னார். அவர்கள் தளர்ந்தபோது தாமே உண்ணாவிரதம் இருந்தார். மூன்றாவது நாள், மத்தியஸ்தர் தீர்ப்புக்குக் கட்டுப்பட இரு பக்கமும் சம்மதித்தார்கள். பேராசிரியர் ஆனந்தசங்கர் துருவா மத்தியஸ்தர் ஆனார். கடைசியில் 35 சதவீதமே தொழிலாளர்களுக்குக் கிடைத்தது.

1922-ல் ராஜத்துரோகக் குற்றம் சாட்டிக் காந்தியைச் சிறையில் அடைத்தார்கள். அதே ஆண்டு லண்டனில் அவருடைய பாரிஸ்டர் பெயரையும் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். 1948 ஜனவரி 30-ந் தேதி டில்லியில் அவர் சுடப்பட்டு இறந்தார். அவர் இறந்து 40 ஆண்டுகளுக்குப் பின், 1988-ல், அந்தப் பெயரை மீண்டும் பட்டியலில் சேர்த்தார்கள்.

நமக்கு என்ன?

பாலசுந்தரம் பட்ட கஷ்டம் கடலுக்கு அப்பால் மட்டும் இருந்ததாக எண்ணவேண்டாம். நம் நாட்டிலும் 1859-ல் ஒரு சட்டம் இருந்தது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராவிட்டால் அவரை மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்தலாம். உத்தரவுக்குக் கீழ்ப்படியாவிட்டால் மூன்று மாதம் வரை சிறை. அந்தச் சட்டத்தை 1925-ல் நீக்கினார்கள். முன்பணத்துக்காக ஒருவரைக் கொத்தடிமையாக வைத்திருப்பதை 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அடியோடு தடை செய்தது.

இன்று வேலையை விட்டதற்காக எந்தத் தொழிலாளியையும் சிறையில் போட முடியாது. ஒப்பந்தம் மீறப்பட்டால் அது சிவில் விவகாரம். முதலிலேயே ஏமாற்றும் எண்ணத்தோடு பணம் வாங்கினால் அது வேறு, அது குற்றம். மற்றபடி பாக்கிப் பணமோ நஷ்ட ஈடோ கேட்க சிவில் கோர்ட்டு இருக்கிறது. சம்பளப் பாக்கிக்குத் தொழிலாளர் துறை அதிகாரிகளிடம் முறையிடவும் வழி இருக்கிறது. ஒப்பந்தங்களுக்கு 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டமே இன்றும் அடிப்படை.

சிவில் வழக்கு எப்படி நடக்கும்? முதலில் வாதி பிராது கொடுப்பார். பிரதிவாதிக்குச் சம்மன் போகும். அவர் எழுத்து மூலம் பதில் தருவார். எதில் தகராறு என்று கோர்ட்டு வரையறுக்கும். பிறகு சாட்சி, பத்திரம், வாதம், தீர்ப்பு. தீர்ப்புப்படி பணம் வராவிட்டால் அதை நிறைவேற்றித் தரும்படி மறுபடி மனுப் போடவேண்டும். பண பாக்கிக்கும் ஒப்பந்த மீறலுக்கும் பொதுவாக மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போடவேண்டும். அதன் பின் போனால் கோர்ட்டு கதவு திறக்காது. ஆகவே சீட்டு, ரசீது, கணக்கு எதையும் தூக்கி எறியக்கூடாது. காந்தி பிரிட்டோரியாவில் கற்ற முதல் பாடம் அதுதான்.

வழக்கு நடக்கும்போதே ராஜி ஆகலாம். தகுந்த வழக்குகளைச் சமரசத்துக்கு அனுப்ப நீதிபதிக்குச் சட்டமே அதிகாரம் தந்திருக்கிறது. மக்கள் நீதிமன்றம் என்ற லோக் அதாலத்திலும் தீர்த்துக்கொள்ளலாம். அங்கே கட்டணம் இல்லை. ஏற்கெனவே கோர்ட்டில் கட்டிய கட்டணமும் திரும்பக் கிடைக்கும். அங்கே ஏற்பட்ட முடிவு கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம். அதன் மேல் அப்பீல் கிடையாது.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையே என்று மலைக்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் அமர்த்தித் தருகிறது. பெண்களும், தாழ்த்தப்பட்ட வகுப்பினரும், பழங்குடியினரும் எவ்வளவு வருமானம் இருந்தாலும் இந்த உதவியைப் பெறலாம். கொல்லிமலையில் வாழும் மலையாளி மக்கள் பழங்குடிப் பட்டியலில் உள்ளவர்கள். ஆகவே 70 வளைவும் இறங்கி நாமக்கல் கோர்ட்டுக்கு வரும் மலைக் குடியானவருக்கு இது சலுகை அல்ல, உரிமை.

சோளக்காட்டுச் சந்தையில் நாம் முதலில் பார்த்த இருவரும் இன்னும் கோபமாக நிற்கிறார்கள். அவர்கள் கைகலக்க வேண்டாம். ஒருவரை ஒருவர் சிறைக்கு அனுப்பப் பார்க்கவும் வேண்டாம். முன்பணச் சீட்டை எடுக்கட்டும். கணக்கைப் பார்க்கட்டும். இருவரும் நம்பும் ஒருவரை நடுவில் வைத்துப் பேசட்டும். முடியாவிட்டால் கோர்ட்டுக்குப் போகட்டும். தீர்ப்பு வந்த பிறகும் தோற்றவருக்குத் தவணை கொடுக்க ஜெயித்தவர் மனம் இளகட்டும். அடுத்த அறுப்புக்கு இருவரும் மறுபடி அதே சந்தைக்குத்தானே வரவேண்டும்!